குழந்தைப் பராமரிப்பும் முன்பருவக் கல்வியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தது முதல் பள்ளியில் சேரும் வயது வரை உள்ள குழந்தைகளுக்காக அரசுகளும் உள்ளாட்சி அமைப்புகளும் பல நாடுகளில் பல திட்டங்களை நடத்தி வந்துள்ளன. அவற்றுள் எவை பலன் தந்தன, எவை தரவில்லை, ஏன் என்று பெற்றோரும் பணியாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான விடைகள் கீழே தரப்பட்டுள்ளன.

குழந்தையை வளர்ப்பது குடும்பத்தின் கடமை அல்லவா? அதில் அரசுக்கு என்ன வேலை?

குடும்பத்தின் கடமைதான், அதை எந்த நிலையமும் எடுத்துக்கொள்ள முடியாது, எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆனால் அந்தக் கடமையைச் செய்வதற்கான நேரமும் வருமானமும் ஆதரவும் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. தாயும் தந்தையும் நாள் முழுவதும் உழைத்தாக வேண்டிய வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையை எட்டு வயது அக்காள் பார்த்துக்கொள்ளும் நிலை வந்தால், அங்கே இரண்டு குழந்தைகளின் கல்வி ஒரே நேரத்தில் கெடுகிறது. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 18-ஆவது பிரிவு, வளர்ப்பின் முதன்மைப் பொறுப்பு பெற்றோருடையது என்று கூறி, அந்தப் பொறுப்பை நிறைவேற்றப் பெற்றோருக்கு உதவுவதும், வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பராமரிப்பு வசதி கிடைக்கச் செய்வதும் அரசின் கடமை என்றும் அடுத்த வரியிலேயே கூறுகிறது.

இன்னொரு காரணம் வயது. மூளையின் அளவும் அதற்குள் நிகழும் இணைப்புகளும் வாழ்நாளின் வேறெந்தக் கட்டத்தையும்விட முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாக வளர்கின்றன. பேச்சு, கவனம், கோபத்தை அடக்கிக்கொள்ளும் திறன் ஆகியவற்றுக்கான அடித்தளம் அப்போதே விழுகிறது. ஐந்து அல்லது ஆறு வயதில் பள்ளி வாசலுக்கு வரும்போதே குழந்தைகளிடையே பெரிய இடைவெளி உருவாகிவிட்டிருக்கிறது என்பதை முதல் வகுப்பு ஆசிரியர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

பராமரிப்பு என்பது பார்த்துக்கொள்வது. கல்வி என்பது கற்பிப்பது. இரண்டையும் ஏன் ஒன்றாகப் பேச வேண்டும்?

ஏனெனில் இந்தப் பிரிவு அலுவலகங்களில் மட்டுமே இருக்கிறது. பல நாடுகளில் மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சுகாதாரம் அல்லது சமூகநலத் துறையிடமும், அதற்கு மேல் உள்ளவர்கள் கல்வித் துறையிடமும் இருக்கிறார்கள். குழந்தைக்கு அப்படி எந்தக் கோடும் இல்லை. பத்து மாதக் குழந்தைக்கு ஈரத்துணி மாற்றும் பணியாளர் அதன் முகத்தைப் பார்த்து, 'காலைத் தூக்கு, இதோ முடிந்தது, இப்போது காய்ந்த துணி' என்று சொல்லிக்கொண்டே மாற்றினால், குழந்தை பதிலுக்கு ஒலி எழுப்ப, அவர் அதற்கும் பதில் சொன்னால், அந்த மூன்று நிமிடம் ஒரு மொழிப்பாடம். அதே வேலையைப் பேசாமல் அவசரமாக முடித்துவிட்டு அடுத்த குழந்தையிடம் போனால் அது வெறும் துப்புரவுப் பணி. குறுநடை போடும் வயதில் கைகழுவும் வரிசை, உறங்கவைக்கும் நேரம், உணவு நேரம் ஆகியவையே நாளின் பெரும்பகுதி. கற்றல் அவற்றுக்குள் நடக்கவில்லை என்றால் வேறெங்கும் நடக்க நேரமில்லை.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் உலக வங்கியும் பிற அமைப்புகளுடன் இணைந்து 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுச் சட்டகம் நல்ல உடல்நலம், போதிய ஊட்டச்சத்து, குழந்தையின் குறிப்பறிந்து நடக்கும் பராமரிப்பு, பாதுகாப்பு, தொடக்கக் கற்றலுக்கான வாய்ப்பு ஆகிய ஐந்தையும் ஒன்றாகவே வைத்துப் பேசுவதற்குக் காரணமும் இதுதான்.

இத்தகைய திட்டங்களால் நீண்டகாலப் பலன் உண்டு என்பதற்கு என்ன சான்று?

அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகள் மூன்று. முதலாவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டி நகரில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி முன்பள்ளித் திட்டம். வறுமையில் வாழ்ந்த 123 கறுப்பினக் குழந்தைகளுள் 58 பேர் மூன்று, நான்கு வயதில் நாள்தோறும் காலையில் முன்பள்ளிக்கு வந்தனர். ஆசிரியர் வாரம் ஒருமுறை அவர்களின் வீட்டுக்கும் சென்றார். எஞ்சியவர்கள் ஒப்பீட்டுக் குழுவில் இருந்தனர். முதலில் தெரிந்த நுண்ணறிவு மதிப்பெண் உயர்வு சில ஆண்டுகளில் மங்கிவிட்டது. திட்டம் தோற்றது என்று அப்போதே கோப்பை மூடியிருந்தால் பிற்பாடு தெரியவந்த எதுவும் தெரிந்திருக்காது. நாற்பது வயதில் பார்த்தபோது, ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் ஒப்பீட்டுக் குழுவில் 55 விழுக்காடு. முன்பள்ளிக்குச் சென்றவர்களில் 36 விழுக்காடு. வருமானத்திலும் வேலைவாய்ப்பிலும் முன்பள்ளிக் குழுவினரே மேலான நிலையில் இருந்தனர்.

இரண்டாவது, வட கரோலினாவில் 1972-இல் தொடங்கிய அபசிடேரியன் திட்டம். 111 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினர் கைக்குழந்தைப் பருவம் முதல் ஐந்து வயது வரை, முழுநாளும் ஆண்டு முழுவதும், கவனமாக வகுக்கப்பட்ட பராமரிப்பைப் பெற்றனர். முப்பது வயதில் அவர்களுள் 23 விழுக்காட்டினர் நான்காண்டுக் கல்லூரிப் பட்டம் பெற்றிருந்தனர்; ஒப்பீட்டுக் குழுவில் அது 6 விழுக்காடு.

மூன்றாவது ஜமைக்கா ஆய்வு. என்னைப் பொறுத்தவரை மூன்றிலும் முக்கியமானது இதுவே, ஏனெனில் இதைச் செய்யப் பெரிய கட்டடமோ பட்டம் பெற்ற நிபுணர்களோ தேவைப்படவில்லை. வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகள், ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ளவர்கள், 1980-களின் நடுப்பகுதியில் இதில் சேர்க்கப்பட்டனர். சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகள், வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்குச் சென்று, கையில் கிடைத்த பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு, குழந்தையோடு எப்படி விளையாடலாம், எப்படிப் பேசலாம் என்று தாய்மாருக்குக் காட்டினர். இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தைகளின் வருமானம் ஒப்பீட்டுக் குழுவைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அதே ஆய்வில், இந்த வீட்டுவருகை இல்லாமல் ஊட்டச்சத்து மட்டும் பெற்ற பிரிவில் அத்தகைய நீடித்த பலன் தென்படவில்லை.

இவை சிறிய ஆய்வுகள், பழைய ஆய்வுகள் என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஒரு கூறு உண்டு: ஒரு குழந்தைக்குப் போதிய நேரம் ஒதுக்கக்கூடிய, பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் தொடர்ந்து இருந்தார்.

பலன் தராத, அல்லது எதிர்ப்பலன் தந்த திட்டங்களும் உண்டா?

உண்டு, அவற்றை மறைப்பது இந்தத் துறைக்கு நல்லதன்று. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் நான்கு வயதினருக்காக நடத்திய முன்பள்ளித் திட்டத்தில் இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக வந்த பள்ளிகளில் குலுக்கல் முறையில் சேர்க்கை நடந்தது. அதனால் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. ஆண்டின் முடிவில் சேர்ந்தவர்களே முன்னிலையில் இருந்தனர். ஆனால் 2022-இல் வெளிவந்த முடிவுகளின்படி, ஆறாம் வகுப்பை எட்டியபோது அவர்களின் தேர்வு மதிப்பெண்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவும், ஒழுங்கு நடவடிக்கைகள் கூடுதலாகவும் இருந்தன.

கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-இல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் பராமரிப்பு வசதியைத் தொடங்கியது. தாய்மாரின் வேலைவாய்ப்பு கணிசமாக உயர்ந்தது. அந்த அளவில் அது வெற்றி. ஆனால் தேவை பெருகிய வேகத்துக்குத் தரமான இடங்கள் பெருகவில்லை. குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாகப் பொருளியல் அறிஞர்களின் ஆய்வுகள் கூறின. அதே மாகாணத்தில் இலாப நோக்கற்ற, பெற்றோர் பங்கேற்கும் நிலையங்கள் பொதுவாக மேலான தரத்தில் இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடம் கிடைப்பது ஒன்று. அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பது வேறொன்று. அரசுகள் முதலாவதை எண்ணிக் கணக்குக் காட்டுவது எளிது என்பதாலேயே இரண்டாவது புறக்கணிக்கப்படுகிறது.

அப்படியானால் தரம் என்பதை எதைக் கொண்டு அறிவது?

சுவரில் வண்ணப்படம், புதிய நாற்காலி, சுற்றுச்சுவர் ஆகியவை வேண்டியவையே. தூய்மையும் பாதுகாப்பும் இல்லாத இடத்தில் எந்தப் பேச்சுக்கும் இடமில்லை. ஆனால் குழந்தையின் வளர்ச்சியோடு மிக நெருங்கிய தொடர்புடையது பெரியவருக்கும் குழந்தைக்கும் இடையே நடக்கும் பரிமாற்றம்.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியின் அருகே நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி நிற்கிறாள். மூடியைத் தண்ணீரில் போடுகிறாள்; மிதக்கிறது. கூழாங்கல்லைப் போடுகிறாள், அமிழ்கிறது. 'தண்ணீரைச் சிந்தாதே' என்று பணியாளர் சொன்னால் விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும். 'இது மிதக்கும், அது மூழ்கும், சொல் பார்க்கலாம்' என்று சொல்லிக் கொடுத்தால் அவள் இரண்டு சொற்களைத் திருப்பிச் சொல்வாள். பக்கத்தில் குந்தி அமர்ந்து, 'அடுத்து எதைப் போடப் போகிறாய்? அது என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?' என்று கேட்டுவிட்டு, அவள் யோசித்து முடிக்கும் வரை காத்திருந்தால், அவள் முன்கூட்டியே கணிக்கிறாள், சோதிக்கிறாள், தவறினால் காரணம் தேடுகிறாள், அதை வாக்கியமாகச் சொல்ல முயல்கிறாள். அந்தக் காத்திருப்புதான் பயிற்சியால் வருவது. அறையில் முப்பது குழந்தைகளும் ஒரே பணியாளரும் இருந்தால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் அப்படிக் காத்திருக்க முடியாது.

ஒரு பணியாளருக்கு எத்தனை குழந்தைகள் இருக்கலாம்?

வயது குறையக் குறைய எண்ணிக்கையும் குறைய வேண்டும். டென்மார்க் 2024 முதல் சட்டப்படி, மூன்று வயதுக்குக் கீழ் உள்ள மூன்று குழந்தைகளுக்கு ஒரு பெரியவர், அதற்கு மேற்பட்ட ஆறு குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் என்ற குறைந்தபட்ச விகிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. பின்லாந்தில் இது முறையே நான்குக்கும் ஏழுக்கும் ஒருவர்.

இவை வசதியான நாடுகள், எங்களால் முடியாது என்ற பதிலுக்கு ஒரு நல்ல சான்றை முன்வைக்கலாம். இந்தியாவின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கி, இன்று உலகின் மிகப்பெரிய குழந்தை நலத் திட்டங்களுள் ஒன்றாக விளங்குகிறது. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை, தாய்மாருக்கு ஊட்டச்சத்து அறிவுரை, முன்பருவக் கல்வி என ஆறு பணிகளை அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் சுமக்கின்றனர். பதிவேடுகளும் அலைபேசிச் செயலிப் பதிவுகளும் அவற்றின் மேல் வந்து சேர்கின்றன. இத்தனைக்கும் நடுவே கல்விக்கு எஞ்சும் நேரம் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்வியை மட்டும் கவனிக்க அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கற்பித்தல் நேரம் இரு மடங்கானது. ஒன்றரை ஆண்டில் மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறினர். அதோடு, பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்துப் பணிக்கு நேரம் கிடைத்ததால், வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் கடும் ஊட்டக்குறைவும் குறைந்தன. கூடுதல் செலவை மிஞ்சிய பலன் கிடைக்கும் என்றே ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

பணியாளர்களின் ஊதியத்துக்கும் குழந்தைகளின் கற்றலுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. சிறு குழந்தை பழகிய முகத்தோடுதான் கற்கிறது. முகம் மாறிக்கொண்டே இருந்தால் நம்பிக்கை வைப்பதை நிறுத்திக்கொள்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பணியில் தொடரும் பணியாளர்களுக்கு எட்டு மாதங்களில் 1,500 டாலர் வரை ஊக்கத்தொகை தரப்பட்டபோது, பராமரிப்பு நிலையங்களில் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் 30 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாகக் குறைந்தது. பயிற்சியும் இல்லை, புதிய பாடத்திட்டமும் இல்லை, பணம் மட்டுமே.

ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் இந்தப் பணியைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள், பெரும்பாலான இடங்களில் பள்ளி ஆசிரியரைவிடக் குறைவாகவே பெறுகிறார்கள். மதிப்பூதியம், தொகுப்பூதியம், தற்காலிகப் பணி என்று பெயர் எதுவாக இருந்தாலும், ஓய்வூதியமும் மகப்பேறு விடுப்பும் பணி உறுதியும் இல்லாதவரிடம் உலகிலேயே மிக நுட்பமான வேலையை ஒப்படைத்துவிட்டுத் தரம் இல்லை என்று குறை கூறுவது அநீதி. புதிய நிலையங்களைத் திறப்பதற்கு முன்பு, ஏற்கெனவே பணியாற்றுபவர்களின் ஊதியத்தைச் சரிசெய்யுங்கள் என்பதே இந்தப் பக்கம் அரசுகளிடம் வைக்கும் முதல் கோரிக்கை.

எழுத்தும் எண்ணும் எந்த வயதில் தொடங்க வேண்டும்?

மூன்று வயதுக் குழந்தையின் விரல்கள் கோட்டுக்குள் எழுதத் தயாராக இல்லை. பின்லாந்தில் முறையான பள்ளிக்கல்வி ஏழு வயதில் தொடங்குகிறது; அதற்கு முந்தைய ஆண்டுகள் விளையாட்டு, பாட்டு, கதை, உரையாடல் ஆகியவற்றால் நிரம்பியவை. கதை கேட்பதும், ஒலிகளைப் பிரித்தறிவதும், பொருள்களை வகைப்படுத்துவதும், மணி கோப்பதும் எழுத்துக்கும் எண்ணுக்கும் உரிய முன்தயாரிப்புதான். எழுத்தில் ஆர்வம் காட்டும் குழந்தையைத் தடுக்க வேண்டியதில்லை. வீட்டுப்பாடமும் தேர்வும் இந்த வயதில் தேவையே இல்லை. குழந்தை வீட்டில் பேசும் மொழியிலேயே இவை அனைத்தும் நடக்க வேண்டும்.

கைபேசியும் தொலைக்காட்சியும் கற்றலுக்கு உதவுமா?

உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இரண்டு வயது நிறையும் வரை குழந்தையைத் திரையின் முன் உட்காரவைப்பதைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. நிலையங்களுக்குத் தொலைக்காட்சி வாங்க ஒதுக்கும் தொகையைக் கதைப்புத்தகங்களுக்குச் செலவிடலாம்.

எல்லாக் குழந்தைகளுக்கும் தர வேண்டுமா, ஏழைக் குழந்தைகளுக்கு மட்டும் தந்தால் போதுமா?

வறுமையில் உள்ள குழந்தைகளே மிகுந்த பலன் பெறுகிறார்கள் என்பது ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிகிறது. ஆனால் ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கும் திட்டங்களில் வருமானச் சான்றிதழ் கேட்டே பலர் வெளியேற்றப்படுகிறார்கள். குரல் கொடுக்கக்கூடிய பெற்றோர் யாரும் உள்ளே இல்லாததால் தரமும் சரிகிறது. சிலி நாடு 2007-இல் தொடங்கி 2009-இல் சட்டமாக்கிய 'சிலி உன்னோடு வளர்கிறது' என்ற திட்டம் நடுவழியைக் காட்டுகிறது: கருவுற்ற தாய் அரசு மருத்துவ நிலையத்துக்கு முதல் பரிசோதனைக்கு வரும் நாளிலிருந்தே தாயையும் சேயையும் பதிவு செய்து பின்தொடர்கிறது, தேவை கூடிய குடும்பங்களுக்குக் கூடுதல் உதவியும் தருகிறது. ஜெர்மனி 2013 ஆகஸ்டு முதல் ஒரு வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பராமரிப்பு இடம் பெறும் சட்ட உரிமையை அளித்தது. உரிமை வந்த அளவுக்குப் பணியாளர்கள் வரவில்லை என்பது அங்கே இன்றும் பேசப்படும் சிக்கல்.

வளர்ச்சித் தாமதமோ மாற்றுத்திறனோ உள்ள குழந்தைகள் பொது நிலையத்தில் சேரலாமா?

சேரலாம், சேர வேண்டும். செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, பேச்சுத் தாமதம் ஆகியவற்றை நாள்தோறும் குழந்தைகளைப் பார்க்கும் பணியாளரே பல நேரங்களில் முதலில் கவனிக்கிறார். அவர் கவனித்ததைச் சொல்ல ஒரு மருத்துவரோ சிகிச்சையாளரோ எட்டும் தொலைவில் இருந்தால்தான் அந்தக் கவனிப்பால் பயன் உண்டு. 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று காத்திருக்கும் மாதங்களே மிக விலையுயர்ந்த மாதங்கள்.

திட்டத்தின் பலன் எத்தனை ஆண்டுகளில் தெரியும்?

சில மாதங்களில் தெரிவன சில: வருகை, எடை, சொல்வளம். மிகப்பெரிய பலன்கள் தேர்தல் காலக்கணக்கில் வருவதில்லை. இங்கிலாந்தில் 1999-இல் தொடங்கிய 'ஷுவர் ஸ்டார்ட்' நிலையங்கள் சுகாதாரம், பெற்றோருக்கான வழிகாட்டல், பராமரிப்பு, வேலை தேட உதவி ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் தந்தன. 2010-க்குப் பின் நிதி வெட்டப்பட்டுப் பல நிலையங்கள் மூடப்பட்டன. அந்நிலையங்களுக்கு அருகில் வளர்ந்த குழந்தைகள் பதின்பருவத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது குறைந்திருப்பதையும், பதினாறு வயதுப் பொதுத்தேர்வில் அவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றிருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டறிந்தபோது, நிலையங்கள் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

நிதி குறைவாக உள்ள உள்ளாட்சி அமைப்பு எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில், இருக்கும் நிலையங்களில் ஒரு முழு நாள் அமர்ந்து பார்க்க வேண்டும்: பணியாளர் குழந்தைகளோடு பேசும் நேரம் எவ்வளவு, பதிவேடு எழுதும் நேரம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்குத் தேர்வு வைத்து நிலையத்தை மதிப்பிடக் கூடாது. ஒரே தகவலை இரண்டு மூன்று இடங்களில் எழுதவைக்கும் பதிவேடுகளை நீக்கினால், செலவே இல்லாமல் நேரம் மிச்சமாகும். அடுத்து, நிலையத்துக்கு ஒரு கூடுதல் ஆளை, அரைநாளுக்காவது, அமர்த்த வேண்டும். மூன்றாவதாக, ஆண்டுக்கு ஒருமுறை பெரிய மண்டபத்தில் நடக்கும் பயிற்சிக்குப் பதிலாக, அனுபவமுள்ள ஒருவர் மாதந்தோறும் நிலையத்துக்கே வந்து பணியாளரோடு சேர்ந்து குழந்தைகளோடு இருந்து, பார்த்ததைப் பேசும் முறையைக் கொண்டுவர வேண்டும். நிலையம் எட்டாத மிகச் சிறு குழந்தைகளின் வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் செல்லும் பணியாளர்களை அதே ஊரிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிக்கலாம். புதிய கட்டடத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.